ஊர் பெருகியது, ஊற்று பெருகவில்லை



2022ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டுவிட்டதாக ஐக்கிய நாட்டு நிறுவனம் அறிவித்தது. இந்தத் தொகை 200 கோடியாக இருந்தது எப்போது தெரியுமா? 1927ஆம் ஆண்டு வாக்கில். தொண்ணூற்றைந்து வயது வாழ்ந்த ஒரு பாட்டியின் ஆயுளுக்குள் உலகத்துச் சனம் நான்கு மடங்காகிவிட்டது. 1927 என்ற அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சில் அது மீண்டும் வரும்.

மக்கள் பெருகினார்கள். தண்ணீர் பெருகியதா? இல்லை. பூமியில் உள்ள நீர் கடலிலிருந்து ஆவியாகி, மேகமாகி, மழையாகி, ஆறாகி, மறுபடி கடலுக்கே போகிறது. சுற்றிச் சுற்றி வருவது அதே நீர்தான். பூமியின் மொத்த நீரையும் நூறு மண்ணெண்ணெய்த் தகரங்களில் நிரப்பியதாக வைத்துக்கொள்வோம். தொண்ணூற்றேழரைத் தகரம் உப்பு நீர். மிச்சம் இரண்டரைத் தகரம் நல்ல நீர். அதிலும் பெரும்பகுதி துருவங்களிலும் மலையுச்சிகளிலும் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கிறது. இன்னொரு பகுதி நிலத்துக்கு அடியில் இருக்கிறது. ஆறு, ஏரி, குளங்களில் நம் கண்ணுக்குத் தெரியும் நல்ல நீர் எவ்வளவு என்று கேட்டால், அந்த நூறு தகரத்தில் ஒரு சின்னத் தேநீர்க் கிளாஸ் அளவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் உலக மக்கள்தொகை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. ஆனால் ஆறுகளிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் மனிதன் எடுத்துக்கொள்ளும் நீரோ ஏறக்குறைய ஆறு மடங்காயிற்று. ஆளுக்கு ஏற்றபடி மட்டும் தண்ணீர்ச் செலவு கூடவில்லை. ஒவ்வோர் ஆளின் செலவும் கூடியது. குடிப்பதற்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் போதும். குளிக்க, துவைக்க அதைவிடப் பன்மடங்கு வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது சோற்றுக்கான தண்ணீர். ஒரு கிலோ அரிசி விளைய, மழைநீரும் பாசன நீருமாகச் சேர்த்து ஏறக்குறைய 2,500 லிட்டர் நீர் வயலுக்குத் தேவைப்படுகிறது. உலகில் எடுக்கப்படும் நன்னீரில் நூற்றுக்கு எழுபது பங்கு வேளாண்மைக்கே போகிறது. ஆகவே ஒரு புது வாய் உலகுக்கு வந்தால், அது குடிக்கும் தண்ணீரைவிட உண்ணும் தண்ணீர்தான் மிகுதி.

இப்படி உலகக் கணக்கையே சொல்லிக்கொண்டு போனால் மனத்தில் நிற்காது. ஆதலால் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நம் தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் வேலைக்குப் போய்வந்த ஊர் அது, சிங்கப்பூர். இருநூறு ஆண்டுகளில் ஓர் ஊர் பெருகப் பெருக அதன் தண்ணீர் எங்கிருந்து எங்கே போய்த் தேடப்பட்டது என்பதை அவ்வூரைப்போல் தெளிவாகக் காட்டும் ஊர் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

1819ஆம் ஆண்டு ராபிள்ஸ் அங்கே வந்து இறங்கினார். இன்று போர்ட் கேனிங் என்று வழங்கும் குன்றின் மேற்குப் புறத்தில் அப்போது ஓர் ஊற்று இருந்தது. மலாய் அரசர்கள் காலத்தில் அது அரண்மனைப் பெண்கள் நீராடிய இடம் என்றும், மற்றவர் அணுகக் கூடாது என்றும் சொல்லப்பட்டதால் தடை செய்யப்பட்ட ஊற்று என்று அதற்குப் பெயர். புதிய துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்கு அந்த ஊற்று நீரைக் கால்வாய் அமைத்துக் கொடுத்தார்கள். 1824இல் எடுத்த குடிக்கணக்கில் அவ்வூரில் 10,683 பேர் இருந்தனர். ஐந்தே ஆண்டுகளில் ஒரு சிற்றூர் பட்டணமாகிவிட்டது. வந்தவர்கள் குன்றைச் சுற்றிலும் தத்தம் வசதிக்குக் கிணறு தோண்டினார்கள். ஒவ்வொரு கிணறும் குன்றின் வயிற்று நீரில் ஒரு பங்கை எடுத்தது. கடைசியில் ஊற்று வறண்டு போயிற்று. எவரும் அந்த ஊற்றைப் பாழாக்க நினைக்கவில்லை. தன் வீட்டுக்கு ஒரு கிணறு என்று எல்லாரும் நினைத்தார்கள், அவ்வளவுதான். உலகில் இன்று நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டிருக்கும் நாடுகளில் எல்லாம் நடப்பது இதுவே, அளவுதான் வேறு.

பிறகு மாட்டுவண்டிக் காலம் வந்தது. கிணற்று நீரைப் பீப்பாயில் நிரப்பி, மாட்டுவண்டியில் ஏற்றிச் சீனர் குடியிருப்புக்குள் கொண்டுபோய் விற்றார்கள். அந்த வட்டாரத்துக்கு இன்றும் கிரேத்தா ஆயர், அதாவது தண்ணீர் வண்டி, என்றே பெயர். நம் மலேசியாவிலும் இப்படித் தண்ணீரால் பெயர் பெற்ற இடம் ஒன்று உண்டு. தைப்பூசத்துக்குப் பினாங்கு சென்றவர்களுக்குத் தண்ணீர்மலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மலையருவிதான் ஒரு காலத்தில் ஜார்ஜ் டவுன் நகருக்கே தண்ணீர் கொடுத்தது. நகரங்கள் எல்லாம் முதலில் ஒரு குன்றின் மடியில்தான் பால் குடித்திருக்கின்றன.

1857இல் டான் கிம் செங் என்ற சீன வணிகர், சிங்கப்பூர் நகர மக்களுக்கு இலவசமாக நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று 13,000 வெள்ளி நன்கொடையாகக் கொடுத்தார். அந்நாளில் அது பெருந்தொகை. ஆனால் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. 1864இல் அவர் காலமானார். 1868இல் தாம்சன் சாலைப் பக்கம் நீர்த்தேக்கம் கட்டி முடிந்தது. என்றாலும் நீரை ஏற்றும் பொறியும் நகருக்குச் செல்லும் குழாயும் சரியாக அமைய 1877 ஆகிவிட்டது. பணம் கொடுத்த நாளுக்கும் தண்ணீர் வந்த நாளுக்கும் இடையே இருபது ஆண்டு. 1860இல் எண்பதாயிரத்துச் சொச்சமாக இருந்த மக்கள் 1881இல் ஏறக்குறைய 1 இலட்சத்து 38 ஆயிரம் பேர். நேற்றைய சனத்துக்குக் கட்டிய தேக்கம் திறக்கும் நாளன்றே பற்றாக்குறையாக இருந்தது. நகராண்மைக் கழகத்தார் 1882இல் டான் கிம் செங் நினைவாக ஓர் அழகிய நீரூற்றுச் சிலை நிறுவினார்கள். அது இன்றும் எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கிறது. தண்ணீர் கேட்டவருக்குத் தண்ணீர் செலவழிக்கும் சிலை என்று யாராவது அன்று முணுமுணுத்திருப்பார்கள்.

அந்தத் தேக்கத்தை 1890களில் உயர்த்திக் கட்டிய பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரால்தான் பின்னாளில் அது மெக்ரிட்சி நீர்த்தேக்கம் ஆயிற்று. அடுத்துக் காலாங் ஆற்றின் மேல்பகுதியில் ஒரு தேக்கம், செலெத்தாரில் ஒரு தேக்கம். தீவின் நடுக்காட்டில் மழை பிடிக்கக் கூடிய இடமெல்லாம் இவ்வாறு பிடிக்கப்பட்டது. 1931இல் அங்கே மக்கள் ஐந்தரை இலட்சத்துக்கு மேல். தீவுக்குள் இடம் போதவில்லை.

இப்போது 1927க்கு வருவோம். உலகம் 200 கோடியைத் தொட்ட அதே காலத்தில், அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், சிங்கப்பூர் நகராண்மைக் கழகத்தாரும் ஜொகூர் சுல்தான் இப்ராகிமும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஜொகூரின் குனோங் பூலாய் மலைப்பகுதியில் 2,100 ஏக்கர் நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 30 காசு. எடுக்கும் நீருக்கு விலை இல்லை. 1924இல் திறந்த ஜொகூர்ப் பாலத்தின் வழியாகக் குழாய் கடலைத் தாண்டியது. ஓர் ஊரின் தாகம் அன்று முதன்முறையாக அடுத்த ஊரின் மலைக்குப் போயிற்று.

குழாய் நீண்டால் ஆபத்தும் நீளும். அதை 1942 காட்டியது. ஜப்பானியர் மலாயாவில் தெற்கு நோக்கி வந்தபோது மக்கள் கூட்டங்கூட்டமாகச் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் நெருங்கினார்கள். சனவரி 31ஆம் நாள் பிரிட்டிஷ் படை பின்வாங்கி, பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. பாலத்தோடு குழாயும் அறுந்தது. ஜொகூர் நீர் நின்றது. தீவின் நடுவிலிருந்த தேக்கங்களும் சில நாட்களில் ஜப்பானியர் கைக்குப் போயின. குண்டுவீச்சில் நகரத்துக் குழாய்கள் உடைந்து நீர் தெருவில் ஓடியது. மாடி வீடுகளுக்கு ஏறவில்லை. பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷார் சரணடைந்தனர். அந்த முடிவுக்குப் பல காரணங்கள் உண்டு. தண்ணீர் நிலைமை அவற்றுள் முக்கியமானது. பீரங்கிகளைப் பற்றியே பேசும் வரலாற்று நூல்கள் இந்தக் குழாயைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் கூடுதலாக எழுதியிருக்கலாம்.

போருக்குப் பின் பிறப்பு கூடிற்று. மருந்தும் மருத்துவமனையும் வந்ததால் குழந்தைச் சாவு குறைந்தது. 1957இல் சிங்கப்பூர் மக்கள் 14 இலட்சத்து 45 ஆயிரத்துக்கு மேல். 1960இல் உலகம் 300 கோடி. தெருவோரக் குழாயில் வரிசை நின்று தகரத்தில் பிடித்தவர்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார்கள். அங்கே குழாய் சமையலறைக்குள் இருந்தது. வாளிக் கழிப்பிடம் போய் இழுநீர்க் கழிப்பிடம் வந்தது. கடைசி வாளிகள் 1987இல்தான் நின்றன. தோளில் சுமந்தவருக்குத் தண்ணீரின் கனம் தெரியும். குழாயைத் திருகுபவருக்கு அது தெரிவதில்லை. இதனால் குழாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் நடந்த நம் தாய்மார்களின் இடுப்பும், வயிற்றுக்கடுப்பில் போன குழந்தைகளின் கணக்கும் அதற்குப் பதில் சொல்லும். குழாய் வந்தால் செலவு கூடும், அதற்கேற்ற நீரை எங்கிருந்தோ கொண்டுவந்தாக வேண்டும் என்பதுதான் செய்தி.

எனவே 1961இல் ஜொகூரோடு புது உடன்படிக்கை. தெப்ராவ், ஸ்கூடாய் ஆறுகளிலிருந்தும் நீர், 50 ஆண்டுக்கு. 1962 செப்டம்பர் 29ஆம் நாள் இன்னொன்று. ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை, 99 ஆண்டுக்கு. ஆயிரம் கேலன் ஆற்று நீருக்கு மூன்று காசு. சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலன் 50 காசுக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும். கையெழுத்தான மறு ஆண்டே வானம் பொய்த்தது. 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை சிங்கப்பூரில் வட்டாரம் வட்டாரமாகத் தண்ணீர்ப் பங்கீடு. தாழ்வாரம் முழுதும் வாளியும் பானையும் வரிசை கட்டிய காலத்தை இன்றும் நினைவு கூரும் முதியவர்கள் இருக்கிறார்கள். 1965 ஆகஸ்டு 9இல் சிங்கப்பூர் தனி நாடானபோது, பிரிவினை உடன்பாட்டிலேயே இந்தத் தண்ணீர் ஒப்பந்தங்கள் உறுதி செய்யப்பட்டன. ஒரே நாட்டின் இரு ஊர்களுக்கிடையே இருந்தது இரண்டு நாடுகளுக்கிடையே ஆயிற்று.

அந்த மூன்று காசைப் பற்றிப் பின்னர் எத்தனையோ வாதம். விலையைத் திருத்தும் உரிமை தனக்கு உண்டென்பது மலேசியாவின் நிலை. திருத்துவதற்கான காலம் 1987இல் வந்து போய்விட்டது என்பது சிங்கப்பூரின் நிலை. அரசுகள் பேசித் தீர்க்க வேண்டிய அந்த வழக்குக்குள் நாம் போக வேண்டியதில்லை.

வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு: "சார், இங்கேதான் இவ்வளவு மழை பெய்யுதே, அப்புறம் ஏன் தண்ணிப் பஞ்சம்?" நல்ல கேள்வி. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டர் மழை. உலகில் பல நாடுகள் பொறாமைப்படும் மழை அது. ஆனால் மழை பெய்வது ஒன்று. பிடித்து வைப்பது வேறு. சிறிய தீவில் தேக்கத்துக்கு இடம் இல்லை. பெய்த மழையில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். மழை மாதமும் வறண்ட மாதமும் மாறி மாறி வரும். மக்களின் தாகத்துக்கோ மாதக் கணக்கு இல்லை. அதோடு, ஓடுகின்ற நீர் அழுக்கானால் இருந்தும் இல்லாததுபோல.

இந்த அழுக்கு விஷயத்தில் நம் தோட்டங்களுக்கும் பங்கு உண்டு. செம்பனை ஆலைகள் பெருகிய 1970களில், ஆலைக் கழிவு நீர் நேரே ஆற்றில் விழுந்து, நீர் கறுத்து நாறியது. ஆற்றில் மீன் செத்து மிதந்ததைக் கண்டவர்கள் நம்மில் உண்டு. 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன் கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்காக வந்த விதிகளும் ஆலைகளைக் கழிவுக் குளம் வெட்ட வைத்தன. அடுத்த ஆண்டே ரப்பர் ஆலைகளுக்கும் விதி வந்தது. அதே 1977இல்தான் சிங்கப்பூரும் தன் ஆற்றைத் துப்புரவு செய்யத் தொடங்கி, பத்து ஆண்டில் முடித்தது. 2008இல் அந்த ஆற்றின் வாய்க்கே அணை போட்டு, நகர நடுவில் ஒரு தேக்கம் அமைத்தார்கள். அன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்த ஆற்றின் நீர் இன்று குடிநீர்க் கணக்கில் சேர்கிறது. தீவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இப்போது மழை பிடிக்கும் பகுதி.

அதுவும் போதாமல் போகவே, செலவழித்த நீரையே திரும்பப் பிடிக்க முனைந்தார்கள். 1974இல் சோதனையாக ஒரு நிலையம் அமைத்தபோது செலவு அதிகம், பொறியும் நம்பும்படி இல்லை. மறு ஆண்டே மூடிவிட்டார்கள். கால் நூற்றாண்டு காத்திருந்தார்கள். அதற்குள் மிக நுண்ணிய துளை கொண்ட சவ்வுகள் மலிவாயின. சாக்கடை நீரை முதலில் சாதாரண முறையில் தெளியவைத்து, பிறகு அழுத்தத்தோடு அந்தச் சவ்வின் வழியே செலுத்தினால், கிருமியும் உப்பும் பின்தங்க, நீர் மட்டும் கசிந்து வரும். அதன்மேல் புற ஊதா ஒளி பாய்ச்சுவார்கள். 2003இல் இது முறையாகத் தொடங்கியது. புதுநீர் என்று தமிழில் சொல்கிறார்கள். பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஒரு சிறு பங்கு தேக்கத்தில் கலந்து குடிநீராகிறது. 2005இல் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமும் வந்தது. இரண்டும் மின்சாரத்தை விழுங்குபவை. 2024இல் 60 இலட்சம் பேர் இருந்த அந்த ஊரால் இதற்குப் பணம் கொடுக்க முடிகிறது. உலகில் தண்ணீருக்குத் தவிக்கும் ஊர்களில் பலவற்றால் முடியாது. சிங்கப்பூரைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்குவதால் வயலுக்கு வேண்டிய நீரும் அவ்வூர்க் கணக்கில் வருவதில்லை. அது வேறு நாட்டு ஆற்றிலே செலவாகிறது.

நம் பக்கமும் கதை வேறல்ல. 1991இல் மலாக்காவின் டுரியான் துங்கால் அணை வறண்டு மாநிலமே பங்கீட்டில் தவித்தது. 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் லாரித் தண்ணீருக்கு வரிசை நின்றார்கள். அங்கே சனமும் தொழிலும் பெருகிய வேகத்துக்குச் சிலாங்கூர் ஆறுகள் ஈடு கொடுக்கவில்லை. ஆகவே தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து, 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே பகாங் நீரைக் கொண்டுவந்தார்கள். 1927இல் சிங்கப்பூர் செய்ததுதான். இம்முறை மாநிலத்துக்கு மாநிலம்.

தண்ணீர் கொடுத்த ஜொகூரும் அன்றைய ஜொகூர் அல்ல. 1970இல் ஏறக்குறைய 13 இலட்சம் பேர் வாழ்ந்த மாநிலத்தில் 2020இல் 40 இலட்சம் பேர். ரப்பர்க் காடாக இருந்த இடங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே குடியேறியவர்களில் தோட்டத்தை விட்டு வந்த நம்மவரும் பலர். அந்த வீடுகளுக்கும் குழாய் வேண்டும். ஜொகூர் ஆற்றில் நீர் குறையாமல் இருக்க மேற்பகுதியில் கட்டிய லிங்கியூ தேக்கம், 2016 அக்டோபரில் கொள்ளளவில் நூற்றுக்கு இருபது பங்காகச் சுருங்கியது. 2019 ஏப்ரலில் ஆற்றில் அம்மோனியா மிகுந்து, அங்கிருந்த நீர் நிலையத்தைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது. மழை இருந்தும் குழாய் காய்ந்த நாள் அது.

செலவைத் தகரக் கணக்கில் பார்ப்போம். ஒரு தகரம் நான்கு கேலன், அதாவது 18 லிட்டர். சிங்கப்பூரில் 2003இல் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்கு 165 லிட்டர் செலவழித்தார். 2023இல் 141 லிட்டர், ஏறக்குறைய எட்டுத் தகரம். கட்டணம் கூடியது ஒரு காரணம்; குறைவாக நீர் விடும் குழாயும் கழிப்பிடத் தொட்டியும் இன்னொரு காரணம். மலேசியாவில் ஒருவருக்கு 200 லிட்டருக்கும் மேல். பதினோரு தகரத்துக்குக் குறையாது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஐம்பத்தைந்து தகரம். அந்தக் காலத்தில் காவடிக் கம்பில் இரண்டிரண்டாகச் சுமந்த தாத்தாவிடம் இதைச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

1961இல் செய்த ஒப்பந்தம் 2011இல் முடிந்து, அதற்குரிய நிலையங்கள் ஜொகூரின் கைக்கு வந்துவிட்டன. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061இல் முடியும். ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலக மக்கள்தொகை அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். 2080களில் ஏறக்குறைய 1,030 கோடியைத் தொட்ட பிறகே இறங்கும். இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு 2061இல் நாற்பதை ஒட்டிய வயது. ஜொகூர் ஆற்று நீரை எவர் எவ்வளவு எடுப்பது, என்ன விலைக்கு என்ற பேச்சை அந்தத் தலைமுறைதான் மறுபடி உட்கார்ந்து பேசும்.